துடுப்பும் ஈட்டியும்: போரில் உழைத்தவருக்கு உரிமை வந்ததும் வராததும்



பண்டிதர் அயோத்திதாசர் நினைவாக நடக்கும் சொற்பொழிவில் ஏதென்ஸ் நகரத்துப் போர்க்கப்பல்களைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். நம்மை இழிவாகச் சொல்லும் கதையை எடுத்து, அதைப் பிரித்துப் பார்த்து, உள்ளே புதைந்திருக்கும் நம் வரலாற்றை வெளியே கொண்டுவருவது பண்டிதரின் வழி. நான் இன்று எடுத்துக்கொள்ளும் சான்றுகளில் பல, உழைக்கும் ஏழையைக் கண்டு முகம் சுளித்த கிரேக்கச் செல்வர்கள் எழுதி வைத்தவை. அவற்றைப் பண்டிதர் வழியில் படித்துப் பார்க்கலாம்.

கப்பற்படை பெரிதா, தரைப்படை பெரிதா என்பது போர் வரலாற்றில் பழைய கேள்வி. அதற்குப் பாடப்புத்தகம் தரும் விடை ஏறக்குறையச் சரியானதுதான். கப்பற்படை வழியைத் திறக்கும், எதிரியின் வழியை அடைக்கும், நகரத்தைப் பட்டினி போடும், படையை நினைத்த கரையில் இறக்கும். ஆனால் ஓர் ஊரைப் பிடித்து வைத்துக்கொள்ள மண்ணில் கால் ஊன்றிய ஆள் வேண்டும். எனக்கு வேண்டியது இதற்கு அடியில் இருக்கும் கேள்வி. ஈட்டி பிடித்தவர் யார்? துடுப்பு வலித்தவர் யார்? போர் முடிந்து வீடு திரும்பியபோது அவர்கள் கையில் என்ன இருந்தது?

கி.மு. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிரேக்க நகரங்களின் போர் என்பது தரைப்போர். ஹாப்லைட் என்னும் காலாட்படை வீரன் வட்டக் கேடயமும் வெண்கலத் தலைக்கவசமும் நீண்ட ஈட்டியும் கொண்டு வரிசையில் நிற்பான். அந்தத் தளவாடங்களை அரசு கொடுக்காது, அவனேதான் வாங்க வேண்டும். ஆகவே சொந்த நிலம் உள்ளவனே வீரன். ஏதென்ஸில் சோலோன் குடிமக்களை விளைச்சலை வைத்து நான்கு வகுப்புகளாகப் பிரித்திருந்தார். கடைசி வகுப்புக்குப் பெயர் தேத்தீஸ்: நிலம் இல்லாதவர், அல்லது மிகக் கொஞ்சம் உள்ளவர், கூலிக்குப் போகிறவர். இவர்கள் மக்கள் அவையில் உட்காரலாம், பதவிக்கு வர முடியாது. போர்க்களத்திலும் வரிசைக்கு வெளியேதான். வீரம் என்ற சொல்லே சொத்துள்ளவனுக்கு எழுதி வைக்கப்பட்டிருந்தது.

கி.மு. 490இல் மாரத்தானில் பாரசீகரை ஏதென்ஸ் தோற்கடித்தது. இறந்த ஏதென்ஸ் குடிமக்கள் 192 பேர். அவர்கள்மீது எழுப்பிய மண்மேடு இன்றும் இருக்கிறது. பல நூற்றாண்டுகள் கழித்து அங்கே போன பாசேனியாஸ் என்ற பயணி, பக்கத்தில் இன்னொரு கல்லறையைக் குறிப்பிடுகிறார். துணைக்கு வந்த பிளாட்டியா ஊர்க்காரர்களும், அன்று முதன்முறையாகப் போரில் இறங்கிய அடிமைகளும் அங்கே புதைக்கப்பட்டார்களாம். ஒரே நாளில், ஒரே களத்தில் செத்தவர்களுக்குத் தனித்தனிக் குழி. நம் ஊர்களில் சுடுகாட்டுக்குப் போகும் பாதைக்காக இன்றும் வழக்கு நடத்திக்கொண்டிருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மாரத்தானுக்குப் பத்தாண்டுக்குள் நிலைமை மாறியது. லவ்ரியன் சுரங்கங்களில் பெரிய வெள்ளிப் படிவம் கிடைத்தது. அந்த வெள்ளியைக் குடிமக்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கலாம் என்ற பேச்சை மாற்றி, அதில் போர்க்கப்பல் கட்டலாம் என்று தெமிஸ்டோகிளீஸ் அவையை இணங்கவைத்தார். டிரைரீம் என்பது மூன்றடுக்குத் துடுப்புக் கப்பல். ஒரு கப்பலில் துடுப்பு வலிப்பவர்கள் மட்டும் 170 பேர். ஏந்திய கேடயத்தோடு மேல்தளத்தில் நிற்கும் ஹாப்லைட்டுகள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். 200 கப்பல் என்றால் 34,000 துடுப்புக்காரர்கள். அத்தனை நிலவுடைமையாளர்களுக்கு எங்கே போவது? கூலிக்காரர்களை அழைத்துத்தான் தீர வேண்டும்.

சினிமாவில் பார்த்த சங்கிலியும் சவுக்கும் இங்கே நினைவுக்கு வரக் கூடாது. ‘பென்ஹர்’ காட்டும் அந்தக் காட்சி பண்டைய கடற்படைகளின் வழக்கம் அல்ல. ஏதென்ஸில் துடுப்பு வலித்தவர்களில் பெரும்பாலோர் கூலி வாங்கும் சுதந்திர மனிதர்கள்: நகரத்து ஏழைகள், குடியேறி வாழ்ந்த வெளியூர்க்காரர்கள், கூட்டணி நகரத்து ஆட்கள். அடிமைகளும் உண்டு. ஒரு துடுப்பு, உட்கார ஒரு திண்டு, துடுப்பைக் கட்டும் ஒரு தோல்வார், இவையே ஒரு துடுப்புக்காரனின் தளவாடம் என்று துசிடிடீஸ் எழுதியதிலிருந்து தெரிகிறது. கப்பலுக்குள்ளும் படிநிலை இருந்தது. அடித்தட்டில் உட்கார்ந்த 54 பேருக்கு வெளியே எதுவும் தெரியாது, மேலே இருப்பவர்களின் வேர்வை அவர்கள்மீது சொட்டும். மேல்தட்டுக்காரர்களுக்குச் சில பயணங்களில் கூடுதல் காசும் கிடைத்தது. மேல் வரிசைக்காரன் கீழ் வரிசைக்காரன் முகத்தில் காற்றுப் பிரிப்பதை வைத்து அரிஸ்டோபனீஸ் நாடகத்தில் ஒரு நகைச்சுவைகூட உண்டு. ஆனாலும் 170 பேரும் ஒரே தாளத்தில் வலிக்காவிட்டால் கப்பல் நகராது. மேல்தட்டு தனியாக ஜெயிக்க முடியாத வேலை அது.

கி.மு. 480இல் சலாமிஸ் நீரிணையில் இந்தக் கப்பல்கள் பாரசீகக் கப்பற்படையை முறித்தன. ஆனால் போர் அதோடு முடியவில்லை. பாரசீகத் தரைப்படையின் பெரும்பகுதி கிரேக்க மண்ணிலேயே தங்கியது. அதை விரட்ட அடுத்த ஆண்டு பிளாட்டியாவில் தரைப்போர் நடத்த வேண்டியிருந்தது. அங்கே முன்னே நின்றது ஸ்பார்ட்டா.

ஸ்பார்ட்டாவின் தரைப்படையைப் பற்றி நம்மிடம் வந்து சேர்ந்திருப்பதெல்லாம் வீரக்கதை. அந்த வீரர்கள் உழவில்லை, நெய்யவில்லை, எந்தத் தொழிலும் செய்யவில்லை. அவர்களுக்காக உழுதவர்கள் ஹெலட்டுகள், நிலத்தோடு பிணைக்கப்பட்ட அடிமைக் குடிகள். பிளாட்டியாவுக்கு 5,000 ஸ்பார்ட்டியர்கள் போனார்கள், ஆளுக்கு ஏழு ஹெலட் வீதம் 35,000 பேர் கூடப் போனார்கள் என்று ஹெரோடோட்டஸ் கணக்குச் சொல்கிறார். எண்ணிக்கை மிகையாகவே இருக்கட்டும். வெற்றிக்குப் பின் ஸ்பார்ட்டியர்கள் தங்கள் பிணங்களை மூன்று குழிகளில் புதைத்தார்கள், மூன்றாவது குழி ஹெலட்டுகளுக்கு என்றும் அவரே சொல்கிறார். இங்கேயும் தனிக் குழி.

தரையில் செத்த ஹெலட்டுக்கு என்ன கிடைத்தது? துசிடிடீஸ் சொல்லும் ஒரு நிகழ்ச்சி, ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் போர் மூண்டபின் நடந்தது. போரில் நகரத்துக்காக மிகச் சிறப்பாகப் பணியாற்றியதாகக் கருதும் ஹெலட்டுகள் முன்வரலாம், அவர்களுக்கு விடுதலை உண்டு என்று அறிவித்தார்கள். சுமார் 2,000 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். தலையில் மாலை சூடிக் கோயில்களைச் சுற்றி வந்தார்கள். கொஞ்ச நாளில் அத்தனை பேரும் காணாமல் போனார்கள். ஒவ்வொருவரும் எப்படிச் செத்தார் என்பது எவருக்கும் தெரியவில்லை. விடுதலை கேட்க முன்வரும் துணிச்சல் யாருக்கு இருக்கிறதோ அவனே நாளைக்குக் கலகம் செய்வான் என்பது ஸ்பார்ட்டாவின் கணக்கு. இந்த நிகழ்ச்சியைச் சில வரலாற்றாசிரியர்கள் ஐயுறுகிறார்கள். ஸ்பார்ட்டாவால் இப்படிச் செய்ய முடியும் என்று அந்தக் காலத்து கிரேக்கர் நம்பினார்கள் என்பதே எனக்குப் போதும். நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே காலத்தில் பிராசிடாஸ் என்ற தளபதியோடு வடக்கே அனுப்பப்பட்ட 700 ஹெலட்டுகள் பின்னால் விடுதலை பெற்றார்கள்.

ஏதென்ஸில் நடந்தது வேறு. கப்பல்களை வைத்தே அது ஒரு பேரரசு ஆனது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் நகரத்தின் அரசியலும் மாறியது. மேட்டுக்குடிப் பெரியவர்களின் மன்றமான அரியோபகஸின் அதிகாரத்தை எபியால்டீஸ் பறித்தார். நீதிமன்றத்தில் நடுவராக உட்காருவதற்குக் கூலி வந்தது, அதனால் கூலிக்காரனும் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்ல உட்கார முடிந்தது. துடுப்பு மட்டும் இதைக் கொண்டுவந்தது என்று சொல்ல மாட்டேன். ஏழைகளுக்கு அவையில் இடம் முன்பே இருந்தது. அந்த இடத்துக்குக் கனம் கொடுத்தது துடுப்பு.

இதை மிகத் தெளிவாகப் புரிந்துகொண்டவர் மக்களாட்சியின் எதிரி ஒருவர். பெயர் தெரியாத அவருடைய சிறு நூல் செனபனின் நூல்களோடு சேர்ந்து நமக்கு வந்திருக்கிறது. ஆய்வாளர்கள் அவரை ‘கிழட்டுச் செல்வராட்சிக்காரர்’ என்ற பொருளில் அழைக்கிறார்கள். அவர் வாதம் இது: இந்த ஆட்சி எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் இங்கே ஏழைக்கு அதிக உரிமை இருப்பது நியாயமே, ஏனென்றால் கப்பலை ஓட்டி நகரத்துக்கு வலிமை தருபவர்கள் அவர்கள்தான், ஹாப்லைட்டும் உயர்குடியும் அல்ல. அவருடைய இன்னொரு புலம்பலும் கவனிக்கத் தக்கது. ஏதென்ஸில் அடிமை தெருவில் உங்களுக்கு ஒதுங்கி வழிவிட மாட்டானாம். அவனை அடிக்கவும் முடியாதாம், ஏனென்றால் குடிமகனும் அதே மாதிரிதான் உடுத்துகிறான், அடிமை என்று நினைத்து ஒரு குடிமகனை அடித்துவிடுவோம். செருப்புப் போட்டு நடந்ததற்கும் துண்டைத் தோளில் போட்டதற்கும் அடிவாங்கிய தலைமுறையின் பிள்ளைகள் இந்த அவையில் இருக்கிறோம். அந்தப் புலம்பலில் என்ன வலிக்கிறது என்பது நமக்குத் தெரியும்.

கி.மு. 411இல் ஏதென்ஸில் 400 பேர் கொண்ட செல்வர் குழு ஒன்று ஆட்சியைப் பிடித்தது. கப்பற்படை அப்போது சாமோஸ் தீவில் இருந்தது. செய்தி வந்ததும் துடுப்புக்காரர்களும் வீரர்களும் அங்கேயே அவை கூட்டினார்கள். சந்தேகத்துக்குரிய தளபதிகளை நீக்கினார்கள், திராசிபூலஸ் உள்ளிட்ட புதியவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். நகரம்தான் நம்மைவிட்டு விலகிப் போயிருக்கிறது, நாம் விலகவில்லை என்பது அவர்கள் நிலைப்பாடு. சில மாதங்களில் நானூற்றுவர் ஆட்சி கவிழ்ந்தது. வயலில் ஆளுக்கொரு மூலையில் கிடக்கும் ஹெலட்டால் இப்படிக் கூட முடியாது. கப்பற்படை ஆயிரக்கணக்கான கூலிக்காரர்களை ஒரே இடத்தில் சேர்த்து வைக்கிறது, ஒரே தாளத்தில் இயங்கப் பழக்குகிறது, மாதம் தவறாமல் காசு கையில் வர வேண்டும் என்ற கோரிக்கையையும் பழக்குகிறது.

இங்கே ஒரு கசப்பையும் விழுங்க வேண்டும். அந்தக் காசு எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி கூட்டணி நகரங்களிடம் வாங்கிய கப்பம். இன்னொரு பகுதி லவ்ரியன் வெள்ளி, அதைத் தோண்டியவர்கள் அடிமைகள். ஏதென்ஸ் ஏழையின் வாக்கு வேறு எவர் முதுகிலோ ஏறி நின்றது. பெண்களுக்கு அதில் இடமே இல்லை. கி.மு. 416இல் மெலோஸ் தீவைப் பிடித்து, ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றதும் இதே மக்களாட்சி நகரம்தான். பழைய ஏதென்ஸைக் கோயிலாக்கிக் கும்பிடுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

கப்பற்படைக்குத் தரை எவ்வளவு வேண்டும் என்பதை ஏதென்ஸ் கடைசியில் கற்றுக்கொண்டது. டிரைரீமில் 200 பேர் நெருக்கியடித்து உட்காருவார்கள். படுக்க இடமில்லை, சமைக்க இடமில்லை, தண்ணீர் வைக்க இடமில்லை. ஆகவே ஒவ்வொரு நாளும் கரை ஒதுங்கித்தான் ஆக வேண்டும். ஸ்பார்ட்டா பாரசீக இளவரசன் சைரஸின் பணத்தால் கப்பற்படை கட்டியது. துடுப்புக்காரனுக்கு நாள் கூலி மூன்று ஓபோல் என்றிருந்ததை, லைசாண்டர் கேட்டதன்பேரில் சைரஸ் நான்காக உயர்த்தினான். ஒரு ஓபோல் வித்தியாசம்தான், ஆனால் கூலிக்கு வலிக்கும் வெளியூர்க்காரனை இழுக்க அது போதும். ஏதென்ஸ் ஆளில்லாமல் தவித்தது. கி.மு. 406இல் அர்கினூசே சண்டைக்கு 110 கப்பல்களை முப்பது நாளில் நிரப்ப அடிமைகளையும் ஏற்ற வேண்டியிருந்தது. அந்த அடிமைகளுக்கு விடுதலையும் குடியுரிமையும் கிடைத்தன. அடுத்த ஆண்டு எகோஸ்பொட்டமியில், உணவு தேடித் துடுப்புக்காரர்கள் கரையில் சிதறியிருந்த நேரம் பார்த்து லைசாண்டர் பாய்ந்தான். ஏறக்குறைய மொத்தக் கப்பற்படையும் கடற்கரை மணலிலேயே பிடிபட்டது. தானியக் கப்பல் வரும் வழி அடைபட்டது, நகரம் பட்டினியில் பணிந்தது.

வென்றவர்கள் நியமித்த முப்பது பேர் ஆட்சி என்ன செய்தது என்று பாருங்கள். முழு உரிமையுள்ள குடிமக்கள் 3,000 பேர் மட்டும் என்று சுருக்கியது. ஆயிரம் தாலந்துக்குக் குறையாமல் செலவழித்துக் கட்டிய கப்பல் கொட்டகைகளை இடிப்பதற்காக மூன்று தாலந்துக்கு விற்றார்கள் என்று ஐசோகிரட்டீஸ் எழுதுகிறார். பினிக்ஸ் குன்றில் மக்கள் அவை கூடும் இடத்தில் பேச்சு மேடை கடலைப் பார்த்தபடி இருந்ததாம், அதை நிலத்தைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார்கள் என்று புளூட்டார்க் சொல்கிறார். கடல்தான் மக்களாட்சியைப் பெற்றது, உழுகிறவன் அவ்வளவு தொல்லை தர மாட்டான் என்பது அவர்கள் எண்ணம். ஒடுக்குகிறவனுக்கு இந்த விஷயம் எப்போதும் நன்றாகப் புரியும்.

கி.மு. 403இல் திராசிபூலஸ் தலைமையில் சிறு கூட்டம் ஒன்று வளர்ந்து, துறைமுகமான பிரேயஸைப் பிடித்து, மக்களாட்சியை மீட்டது. அந்தக் கூட்டத்தில் அடிமைகளும் வெளியூர்க்காரர்களும் இருந்தார்கள். கூட நின்ற எல்லோருக்கும் குடியுரிமை என்று திராசிபூலஸ் தீர்மானம் கொண்டுவந்தார். அர்கினஸ் என்பவர் அது சட்டவிரோதம் என்று வழக்குப் போட்டுத் தடுத்துவிட்டார். அர்கினஸ் செல்வராட்சிக்காரர் அல்ல. அவரும் மக்களாட்சியை மீட்கப் போராடியவர்தான். அதுதான் உறுத்துகிறது.

இதை வைத்துக்கொண்டு நம் பக்கம் வருகிறேன். கம்பெனிக்காரர்கள் கடல் வழியே வந்தவர்கள். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, 1759 பிப்ரவரி 16 அன்று ஆங்கிலக் கப்பல்கள் கண்ணில் பட்டதும் முற்றுகையை விட்டுப் போனார். ஆனால் தென்னிந்தியா யாருக்கு என்பது 1760 ஜனவரியில் வந்தவாசித் தரையில்தான் முடிவாகியது. கப்பல் கொண்டுவந்து சேர்க்கும், பிடித்து வைத்துக்கொள்ள சிப்பாய் வேண்டும். அந்தச் சிப்பாய்களை இந்த மண்ணிலிருந்துதான் எடுத்தார்கள். சென்னைப் படையில் பறையர் கணிசமாகச் சேர்ந்தார்கள். பாலம் கட்டி, அகழி வெட்டி, சுரங்கம் வைத்துப் படைக்கு வழி அமைக்கும் மதராஸ் சாப்பர்ஸ் படையில் அவர்கள் நெடுங்காலம் இருந்தார்கள். பம்பாய்ப் படையில் மகர்கள். 1818 ஜனவரி 1 அன்று கோரேகானில் பேஷ்வாவின் படையை எதிர்த்து நின்றவர்களில் மகர்கள் இருந்ததும், அங்குள்ள தூணில் ‘நாக்’ என்று முடியும் மகர் பெயர்கள் பொறிக்கப்பட்டிருப்பதும், 1927இல் அம்பேத்கர் அங்கே போனதும் நீங்கள் அறிந்தவை.

அம்பேத்கர் அந்தத் தூணைக் காட்டியதோடு நிற்கவில்லை என்பதுதான் பல நேரம் மறக்கப்படுகிறது. தீண்டப்படாதோர் இந்தியாவைப் பிடித்துக் கொடுக்க உதவினார்கள், பிரிட்டிஷார் அவர்களுக்குத் திருப்பிச் செய்தது என்ன என்று கணக்குக் கேட்டார். திருப்பிச் செய்தது இதுதான்: 1857க்குப் பின் சாதிவாரியாகப் பட்டாளம் பிரித்தார்கள், ‘போர் மரபினம்’ என்ற கொள்கை வந்தது, 1890களின் தொடக்கத்தில் மகர்களைச் சேர்ப்பது நின்றது. கோபால் பாபா வலங்கரும் பின்னர் சிவ்ராம் ஜான்பா காம்ப்ளேயும் மனுப் போட்டார்கள். முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டதும் ஒரு மகர் பட்டாளம் வந்தது, போர் முடிந்ததும் கலைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் 1941இல் மகர் ரெஜிமெண்ட் வந்தது. 1943இல் தொடங்கிய சமார் ரெஜிமெண்ட் 1946இல் கலைக்கப்பட்டது. தேவைப்பட்டால் கதவைத் திறப்பதும் தேவை தீர்ந்தால் சாத்துவதும், ஹெலட்டுக்கு நடந்ததன் இரத்தம் சிந்தாத வடிவம்.

இன்று எல்லாச் சாதிகளும் ஆண்ட பரம்பரை மாநாடு நடத்துகின்றன. நம் இளைஞர்களிலும் சிலர் நாங்களும் போர்க்குடிதான் என்று வாளோடு சுவரொட்டி ஒட்டுகிறார்கள். கோரேகான் தூண்முன் திரளுவதை நான் குறை சொல்லவில்லை, அந்தத் திரள் ஓர் அரசியல். ஆனால் சண்டை போட்டோம், ஆகவே உரிமை வரும் என்ற கணக்கு வரலாற்றில் நிற்கவில்லை. ஹெலட் சண்டை போட்டான், மகரும் பறையரும் சண்டை போட்டார்கள். ஏதென்ஸ் துடுப்புக்காரனுக்கு உரிமை நிலைத்தது, அவன் வீரத்தால் அல்ல. நகரம் ஒவ்வொரு ஆண்டும் அவனை நம்பியிருந்தது. அவன் கூலி வாங்கினான், கூட்டமாக இருந்தான், கரை இறங்கியதும் கை தூக்கி வாக்களிக்க ஓர் அவை அவனுக்கு இருந்தது. மகர்களுக்குப் பட்டாளத்தால் நிலைத்த பலன்கூட துப்பாக்கியில் இல்லை. சிப்பாய்க்கும் அவன் பிள்ளைகளுக்கும் பட்டாளத்தில் கிடைத்த படிப்பும் மாதாமாதம் வந்த ஓய்வூதியமும்தான் அது. அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் பட்டாளப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். 1927இல் மகாட் குளத்துக்குப் போன ஊர்வலத்தில் ஓய்வு பெற்ற சிப்பாய்கள் இருந்தார்கள்.

சாமோஸில் நடந்தது போன்ற ஒன்று நம் துறைமுகத்திலும் நடந்திருக்கிறது. 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் ‘தல்வார்’ என்ற கரைத்தளத்தில் மாலுமிகள் கெட்டுப்போன சாப்பாட்டையும் அதிகாரிகளின் இனவெறி வசவுகளையும் எதிர்த்து வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சில நாளில் சுமார் 20,000 மாலுமிகளுக்குப் பரவியது. கப்பல்களில் காங்கிரஸ், முஸ்லிம் லீக், கம்யூனிஸ்ட் கொடிகள் சேர்ந்து பறந்தன. அவர்கள் தங்களுக்கென்று ஒரு மத்திய வேலைநிறுத்தக் குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள், அதன் தலைவர் ஒரு முஸ்லிம், துணைத் தலைவர் ஒரு சீக்கியர். பம்பாயின் ஆலைத் தொழிலாளர்கள் அவர்களுக்காகத் தெருவில் இறங்கித் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். கரையில் இருந்த பெரிய தலைவர்கள் சரணடையச் சொன்னார்கள், பழிவாங்கல் இருக்காது என்ற நம்பிக்கையோடு 23ஆம் தேதி சரணடைந்தார்கள். பலர் சிறைப்பட்டார்கள், பலர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டு நாடு விடுதலை பெற்று இரண்டானது. நீக்கப்பட்ட மாலுமிகளை இந்தியக் கடற்படையும் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை, பாகிஸ்தான் கடற்படையும் சேர்த்துக்கொள்ளவில்லை.